மூலைக் கல்லை எத்தனை முறை எண்ணினீர்கள்?

கேள்வி: இரண்டு அறை கொண்ட சிறிய வீடு கட்டுகிறேன். அறைகளின் உள்ளளவு 4.00 × 3.60 மீட்டர், 3.00 × 3.60 மீட்டர், பக்கத்தில் பக்கத்தில். எல்லாமே 230 மி.மீ. சுவர், உயரம் 3.00 மீட்டர். தூண் இல்லை. லிண்டல், அதாவது கதவு, ஜன்னல் தலைக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை, 150 மி.மீ. தடிமனில் எல்லாச் சுவரிலும் சுற்றி ஓடுகிறது. வெளிக்கதவு 1.00 × 2.10, உள்கதவு 0.90 × 2.10, ஜன்னல் 1.20 × 1.20 அளவில் மூன்று. சுவர்களின் மொத்த நீளம் என் கணக்கில் 27.56 மீட்டர்; மேஸ்திரி 24.80 மீட்டர் என்கிறார். கதவு, ஜன்னலைக் கழிக்கக் கூடாது என்றும் சொல்கிறார். கல் 230 × 110 × 75 மி.மீ. கலவைக்காகப் பக்கத்துக்கு 10 மி.மீ. கூட்டி வகுத்ததில் கன மீட்டருக்கு 408 கல் என்று எனக்கு வந்தது. யார் கணக்கு சரி? எத்தனை கல் வாங்குவது?

பதில்: நீளத்தில் இருவர் கணக்குமே தப்பு. சரியான நீளம் 26.18 மீட்டர். கதவு, ஜன்னல் விஷயத்தில் மேஸ்திரி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. 408 என்பது பல அட்டவணைகளில் பார்க்கிற எண்தான். ஆனால் உங்கள் சுவருக்கு அது பொருந்தாது. அதை நம்பி வாங்கினால் வேலை முடியும் நேரத்தில் கல் போதாது.

முதலில் நீளம். நீங்கள் எல்லாச் சுவரையும் வெளிமுகத்திலிருந்து வெளிமுகம் வரை அளந்திருக்கிறீர்கள். நீளச் சுவர் 0.23 + 4.00 + 0.23 + 3.00 + 0.23 = 7.69; அதில் இரண்டு, 15.38. குறுக்குச் சுவர் 0.23 + 3.60 + 0.23 = 4.06, அதில் மூன்று, 12.18. கூட்டினால் 27.56. இதில் நான்கு மூலைகளும், நடுச்சுவர் போய் முட்டும் இரண்டு இடங்களும் நீளச் சுவரோடு ஒரு முறை, குறுக்குச் சுவரோடு ஒரு முறை என்று இரண்டு தடவை எண்ணப்பட்டுவிட்டன. மேஸ்திரி அறையின் உள்ளளவை மட்டும் கூட்டியிருக்கிறார்: 7.00 இரண்டு, 3.60 மூன்று, ஆக 24.80. அவர் கணக்கில் அந்த ஆறு சதுரமும் ஒரு தடவைகூட வரவில்லை. ஆறு சதுரம், ஒவ்வொன்றும் 0.23, ஆக 1.38 மீட்டர். நீங்கள் 1.38 கூடுதல், அவர் 1.38 குறைவு. 3 மீட்டர் உயரத்துக்கு இது 0.95 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 400 கல். இரண்டு அறையில் இவ்வளவு என்றால், சின்னச் சின்ன அறைகளும் மடக்குகளும் நிறைந்த வீட்டில் வித்தியாசம் எங்கே போய் நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரியாக அளக்க இரண்டு வழி உண்டு. நீளச் சுவரை வெளியிலிருந்து வெளி வரையும், குறுக்குச் சுவரை உள்ளிருந்து உள் வரையும் எடுப்பது ஒன்று: 7.69 × 2 = 15.38, 3.60 × 3 = 10.80, மொத்தம் 26.18. மையக்கோட்டு முறை மற்றொன்று. சுவரின் நடுவில் ஒரு கோடு போவதாக வைத்து அதை அளக்க வேண்டும். நீளவாக்கில் 7.46, இரண்டு, குறுக்கில் 3.83, மூன்று, கூட்டினால் 26.41. மூலைகளில் மையக்கோடு தானாகவே சரியாகிவிடும், அங்கே கழிக்க எதுவும் இல்லை. ஆனால் ஒரு சுவர் இன்னொன்றின் நடுவில் போய் முட்டுகிற இடத்தில், முட்டும் கோடு அந்தச் சுவரின் பாதிக் கனம் (தடிமன்) வரை உள்ளே நுழைந்துவிடுகிறது. அதைக் கழிக்க வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி இரண்டு முட்டுகள், ஒவ்வொன்றுக்கும் 0.115, ஆக 0.23. மீதி 26.18.

மையக்கோட்டு முறையில் பலர் வழுக்கி விழுவது இந்தக் கழிவில்தான். கழிக்க வேண்டியது எந்தச் சுவரில் போய் முட்டுகிறதோ அந்தச் சுவரின் பாதிக் கனத்தை. முட்டுகிற சுவரின் கனத்தை அல்ல. 110 மி.மீ. தடுப்புச் சுவர் ஒன்று 230 சுவரில் முட்டினால் கழிவு 0.115, 0.055 இல்லை. அடுத்த வழுக்கல் அஸ்திவாரத்தில் வரும். படிப்படியாக அகலமாகும் கட்டுவேலையில் மையக்கோடு மாறாது, ஆனால் கழிவு ஒவ்வொரு படிக்கும் மாறும். 0.46 அகலப் படியில் ஒரு முட்டுக்கு 0.23 கழிக்க வேண்டும். உங்கள் வீட்டில் அந்தப் படியின் நீளம் 26.41 − 0.46 = 25.95. மேலே எடுத்த 26.18-ஐ அப்படியே கீழே வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறவர்கள் அநேகம்.

எந்த முறையில் போட்டாலும் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு நிமிடம்தான் ஆகும். வீட்டின் வெளிச் செவ்வகப் பரப்பிலிருந்து அறைகளின் பரப்பைக் கழியுங்கள். மிஞ்சுவது சுவர் உட்கார்ந்திருக்கும் பரப்பு. 7.69 × 4.06 = 31.22 சதுர மீட்டர், அறைகள் 14.40 + 10.80 = 25.20, மிச்சம் 6.02. இதை 0.23-ஆல் வகுத்தால் 26.18 வர வேண்டும், வருகிறது. வராவிட்டால் எங்கோ ஒரு மூலை இரட்டித்திருக்கிறது அல்லது விட்டுப்போயிருக்கிறது. சுவர்களின் கனம் வெவ்வேறாக இருந்தாலும், வகுக்காமல் பரப்பை மட்டும் வைத்து இதே சோதனையைச் செய்யலாம்.

வரைபடத்தில் உள்ள அளவு கட்டுவேலைக்கானதா, பூச்சு முடிந்த அளவா என்பதையும் ஒரு முறை கேட்டுவிடுங்கள். உள்ளே 12 மி.மீ., வெளியே 15 முதல் 20 மி.மீ. வரை பூச்சு ஏறும். முடிந்த வீட்டில் டேப் போட்டு அளந்தால் 230 சுவர் 260 போலத் தெரியும். அந்த எண்ணைப் போட்டுப் பெருக்கினால் கலவைப் பூச்சுக்கெல்லாம் சேர்த்துக் கல் வாங்கிக்கொண்டிருப்பீர்கள்.

உயரத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். கட்டுவேலை பேஸ்மென்ட் மட்டத்தில் (அஸ்திவாரத்துக்கு மேல் எழுப்பிய மேடையின் மேல்மட்டத்தில்) தொடங்கித் தளத்தின் அடிப்பக்கத்தில் முடிகிறது. உங்கள் 3.00 மீட்டர் டைல்ஸ் மேல்மட்டத்திலிருந்து எடுத்ததாக இருந்தால், தரைக் கான்கிரீட்டும் டைல்ஸும் சேர்ந்த கனத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். தளத்துக்குத் தளம் எடுத்த உயரமாக இருந்தால், தளத்தின் கனத்தைக் கழியுங்கள். நான் 3.00 என்பது சுத்தமான கட்டுவேலை உயரம் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

இனி அளவுத் தாள். ஒவ்வொரு வரியிலும் எண்ணிக்கை, நீளம், கனம், உயரம், அளவு என்று எழுதுங்கள். கழிவுகளைக் கீழே தனித்தனி வரியாகப் போடுங்கள். மனதிலேயே கழித்துவிட்டு மீதியை மட்டும் எழுதினால், பிறகு தகராறு வரும்போது எதைக் கழித்தீர்கள் என்று உங்களுக்கே தெரியாது.

சுவர்: 26.18 × 0.23 × 3.00 = 18.06 க.மீ.
கழிவு, வெளிக்கதவு: 1.00 × 0.23 × 2.10 = 0.48
கழிவு, உள்கதவு: 0.90 × 0.23 × 2.10 = 0.43
கழிவு, ஜன்னல் மூன்று: 3 × 1.20 × 0.23 × 1.20 = 0.99
கழிவு, சுற்று லிண்டல்: 26.18 × 0.23 × 0.15 = 0.90
நிகரம் (முழுத் தசமங்களோடு கழித்தால்): 15.25 க.மீ.

பலர் மறப்பது லிண்டலை. தனித்தனி லிண்டலாக, இரு பக்கமும் 150 மி.மீ. தாங்கலோடு போட்டிருந்தால் உங்கள் ஐந்து திறப்புக்கும் சேர்த்து நீளம் 7.00 மீட்டர், கன அளவு 0.24 தான். சுற்றி ஓடுவதால் 0.90 ஆகிவிட்டது. இரண்டையும் குழப்பினால் கிட்டத்தட்ட 280 கல் வித்தியாசம் வரும். கதவு, ஜன்னலுக்கு நிலையின் வெளியளவைக் கழியுங்கள், பலகையின் அளவை அல்ல.

சின்னத் துளைகளை என்ன செய்வது என்று கேட்கத் தோன்றும். கட்டுவேலை அளப்பதற்கான இந்தியத் தரநிலை 1200-இன் மூன்றாம் பாகம், 0.1 சதுர மீட்டர் வரையுள்ள திறப்பைக் கழிக்க வேண்டாம் என்கிறது. சமையலறை விசிறிக்கு விடும் 0.30 × 0.30 துளை 0.09 சதுர மீட்டர், விட்டுவிடுங்கள். 0.60 × 0.45 வெண்டிலேட்டர் 0.27, அதைக் கழித்தே ஆக வேண்டும். சின்னத் துளையைச் சுற்றிக் கல்லை உடைத்து வைக்கும் உழைப்பும் சேதாரமும், மிச்சமாகும் கல்லுக்கு ஈடாகிவிடும் என்பதால் இந்த விதி.

மேஸ்திரி சொல்வதில் உள்ள நியாயமும் இதே மாதிரிதான். கூலி ஒப்பந்தத்தில் திறப்புகளைக் கழிக்காமல் மொத்தச் சுவராக அளப்பது பல இடத்தில் வழக்கம். திறப்பின் ஓரத்தில் தூக்குக்குண்டு பிடிக்க வேண்டும், முக்கால் கல், அரைக்கல் வெட்ட வேண்டும், நிலை நிறுத்த வேண்டும். திறப்பு இருப்பதால் அவருக்கு வேலை குறைவதில்லை. கழித்து அளந்தால் கன மீட்டருக்கான கூலி கொஞ்சம் கூடுதலாக இருக்கும், கழிக்காமல் அளந்தால் குறைவாக இருக்கும். எதுவானாலும் வேலை தொடங்கும் முன் எழுத்தில் இருக்க வேண்டும். ஆனால் கல், சிமென்ட், மணல் வாங்கும் கணக்கில் திறப்பைக் கழிக்காமல் இருப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. கூலிக்கு 18.06 என்று அளக்கட்டும், நீங்கள் 15.25-க்குத்தான் கல் வாங்க வேண்டும்.

இப்போது 408. கேள்வியில் சுவாரஸ்யமான பகுதி இதுதான். 240 × 120 × 85 மி.மீ. என்று மூன்று பக்கமும் 10 கூட்டி 1 கன மீட்டரை வகுத்தால் 408.5 வருவது உண்மைதான். ஆனால் உங்கள் சுவரை வெட்டிப் பாருங்கள்: 110 கல், நடுவில் 10 கலவை, அடுத்து 110 கல், மொத்தம் 230. கனவாக்கில் இரண்டு கல்லுக்கு ஒரே ஒரு கலவை இணைப்புதான் இருக்கிறது. நீங்கள் கல்லுக்கு ஒன்று என்று இரண்டு கொடுத்துவிட்டீர்கள். வெளிமுகத்தில் கலவை கிடையாது. அங்கே வருவது பூச்சு, அது வேறு கணக்கு.

ஆகவே பரப்பில் கணக்கிடுவதுதான் பத்திரம். நெடுவாட்டில் வைத்த கல் ஒன்று, கலவையோடு சேர்த்து, சுவர் முகத்தில் 0.240 × 0.085 சதுர மீட்டரை மூடும். அதன் பின்னால் இன்னொரு கல். 2 ÷ (0.240 × 0.085) = 98. ஒரு சதுர மீட்டர் 230 சுவருக்கு 98 கல். குறுக்குவாட்டில் வைத்தால் முகத்தில் 0.120 × 0.085, பின்னால் வேறு கல் இல்லை. 1 ÷ 0.0102 அதே 98. ஆக எந்தப் பிணைப்பில் (கல்லை அடுக்கும் முறையில்) கட்டினாலும் எண்ணிக்கை மாறாது. 98-ஐ 0.23-ஆல் வகுத்தால் கன மீட்டருக்கு 426. உங்கள் 408-க்கும் இதற்கும் நாலு விழுக்காட்டுக்கு மேல் இடைவெளி.

உங்கள் வீட்டுக்குப் பார்த்தால்: 15.25 ÷ 0.23 = 66.30 சதுர மீட்டர் நிகரச் சுவர். 98.04-ஆல் பெருக்கினால் 6,500 கல். 408-ஐ வைத்துப் போட்டிருந்தால் 6,222-இல் நின்றிருக்கும்.

190 × 90 × 90 மி.மீ. மாடுலர் கல் வாங்குகிறவர்களுக்கும் இதே பொறி காத்திருக்கிறது. கலவையோடு 200 × 100 × 100, ஆகவே கன மீட்டருக்கு 500 என்று எல்லோருக்கும் மனப்பாடம். சுவர்க் கனத்தை 0.20 என்று எழுதியிருந்தால் அந்த 500 சரி. டேப் வைத்து 0.19 என்று எழுதிவிட்டு 500-ஆல் பெருக்கினால் ஐந்து விழுக்காடு குறையும். அப்போது 526 வேண்டும். பில் போடும் அளவில், மூன்று கல் கனம் வரையுள்ள சுவரை அரைக்கல்லின் மடங்காக, இணைப்புகளையும் உள்ளடக்கியதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தரநிலையிலேயே இருக்கிறது. அது பணம் கொடுப்பதற்கான பெயரளவுக் கனம். கல் வாங்கும்போது அந்தக் கனத்தோடு பொருந்தும் எண்ணைத்தான் பயன்படுத்த வேண்டும். ஒன்றிலிருந்து கனத்தையும் இன்னொன்றிலிருந்து எண்ணிக்கையையும் எடுத்து ஒட்டக் கூடாது.

ஆனால் இவ்வளவும் கல் உண்மையிலேயே 230 × 110 × 75 ஆக இருந்தால்தான். சூளைக்குச் சூளை அளவு மாறும், கல் வேகும் அளவைப் பொறுத்தும் சுருங்கும். ஒற்றைக் கல்லை அளந்து முடிவுக்கு வராதீர்கள். வண்டியின் வெவ்வேறு இடத்திலிருந்து 20 கல் எடுத்து, சமதளத்தில் நீளவாக்கில் ஒட்டி அடுக்கி மொத்தத்தை அளந்து 20-ஆல் வகுங்கள். பிறகு அகலவாக்கில், பிறகு உயரவாக்கில். சராசரி 220 × 105 × 70 என்று வந்தால் பார்வைக்குப் பெரிய குறையாகத் தோன்றாது. கணக்கில் 2 ÷ (0.230 × 0.080) = 108.7. சதுர மீட்டருக்குப் பத்துக் கல்லுக்கு மேல் கூடுகிறது. உங்கள் வீட்டுக்கு 7,207 கல், அதாவது 700 கல் அதிகம். சுவரும் 220 கனத்துக்குத்தான் வரும். ஆயிரம் கல்லின் விலையை மட்டும் ஒப்பிட்டு இரண்டு சூளைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், மலிவு என்று வாங்கியது விலை கூடியதாக முடியலாம். ஒரு சதுர மீட்டர் சுவருக்கு என்ன ஆகிறது என்று ஒப்பிடுங்கள்.

சேதாரத்துக்கு நல்ல, ஒழுங்கான கல் என்றால் 5 விழுக்காடு போதும்: 6,500-க்கு 6,825. வளைந்தும் விரிசலோடும் வரும் கல்லுக்கு 10 வரை போகலாம். சேதாரத்தைக் கன அளவில் கூட்டாதீர்கள், கடைசியில் கல் எண்ணிக்கையில் ஒரே ஒரு முறை கூட்டுங்கள். நீளத்தில் கொஞ்சம், கன அளவில் கொஞ்சம், கல்லில் கொஞ்சம் என்று ஆளாளுக்கு ஏற்றிக்கொண்டே போன மதிப்பீடுகளில் எது உண்மையான அளவு என்று யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

சேதாரத்தின் ஒரு பகுதி வரைபடத்திலேயே பிறக்கிறது. ஒரு வரி, அதாவது ஒரு வரிசைக் கல், கலவையோடு 85 மி.மீ. உயரம் என்றால் 24 வரி 2.04 மீட்டர், 25 வரி 2.125. உங்கள் கதவு 2.10. கொத்தனார் கலவையை மெலிதாக்கி 25 வரிக்குள் அடக்கப் பார்ப்பார், இல்லாவிட்டால் 24 வரி கட்டிவிட்டு மிச்சத்தைக் கலவையாலும் உடைகல்லாலும் நிரப்புவார். லிண்டல் மட்டத்தை 2.125-க்கு ஏற்ற முடிந்தால் ஏற்றிவிடுங்கள்.

கலவை. ஒரு கல்லின் கன அளவு 0.0019 க.மீ.; கன மீட்டருக்கு 426 கல் என்றால் கல் மட்டும் 0.81. ஏட்டுக் கணக்கில் மீதி 0.19 கலவை. நடைமுறையில் அது போதாது. கல்லின் மேலுள்ள குழி 100 × 40 × 10 மி.மீ. என்றால், 426 குழியும் சேர்ந்து 0.017 குடிக்கும். குழி மேல்பக்கமாக இருக்கும்படி வைத்தால்தான் இந்தக் கலவை உள்ளே போகும். கவிழ்த்து வைத்தால் பள்ளம் அப்படியே வெற்றிடமாக நின்றுவிடும், கலவை மிச்சமானது போலத் தெரியும், சுவர் பலவீனப்படும். செங்குத்து இணைப்புகளின் ஒழுங்கின்மையும் கீழே சிந்துவதும் சேர்த்து 0.25 என்று எடுங்கள். 15.25 × 0.25 = 3.81 க.மீ. ஈரக் கலவை.

சிமென்டும் மணலும் உலர்ந்த நிலையில் இதைவிட அதிகம் வேண்டும். மணலின் இடைவெளிக்குள் சிமென்டும் நீரும் புகுந்து அடங்கிவிடுவதால், 1.33-ஆல் பெருக்க வேண்டும்: 5.07. 1:6 கலவையில் ஏழு பங்கில் ஒன்று சிமென்ட், 0.724 க.மீ.; கன மீட்டருக்கு 1,440 கிலோ என்ற கணக்கில் 1,043 கிலோ, 50 கிலோ மூட்டையில் 21. மணல் 4.35 க.மீ. ஆனால் இது உலர்ந்த மணல். லேசாக ஈரமான மணல் உப்பியிருக்கும். பொடி மணல் கால் பங்குக்கு மேல்கூட உப்பும். கால் பங்கு உப்பிய ஈர மணலாக வந்தால் 5.4 வாங்க வேண்டியிருக்கும். பெட்டியில் அளந்து கலக்கும்போதும் அதே உப்பலுக்கு ஈடு கொடுக்காவிட்டால் கலவையில் மணல் குறைந்து சிமென்ட் வேகமாகத் தீரும். 21 மூட்டை என்று சொன்னது 26 ஆனதற்குத் திருட்டுதான் காரணம் என்று சந்தேகப்படுமுன் மணல் பெட்டியைப் பாருங்கள்.

பிற்பாடு கழிப்பறைத் தடுப்பு போன்ற 110 மி.மீ. சுவர் சேர்த்தால் அதைக் கன மீட்டரில் கலக்காதீர்கள். அரைக்கல் சுவரைச் சதுர மீட்டரில் தனி வரியாக எழுதுவதுதான் முறை. கலவை விகிதமும் கூலியும் வேறு, இடையில் கம்பி போட்டால் அதுவும் தனி. கல் சதுர மீட்டருக்கு 49. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரும் தனி வரிதான். தூண், பீம் கட்டமைப்பாக மாற்ற நினைத்தால் மையக்கோடு உதவாது; ஒவ்வொரு சுவரையும் தூண் முகத்திலிருந்து அடுத்த தூண் முகம் வரையும், உயரத்தைப் பீமின் அடிவரையும் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

கல் முழுவதையும் ஒரே நேரத்தில் இறக்க வேண்டாம். முதலில் பாதி வாங்கி, பத்து வரி கட்டியதும் பேஸ்மென்ட் மட்டத்திலிருந்து உயரத்தை அளந்து பாருங்கள். 850 மி.மீ. வந்தால் கணக்குப்படி போகிறது. 900 வந்தால் வரிகளுக்கு இடையே கலவை 15 மி.மீ. கனத்தில் விழுகிறது என்று பொருள்: எல்லா இணைப்பிலும் அதே கனம் என்றால் கல் சதுர மீட்டருக்கு 91 ஆகக் குறையும், ஆனால் கலவை 40 விழுக்காட்டுக்கு மேல் எகிறும். அன்றே கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகும் 15-தான் என்றால் அடுத்த லோடில் கல்லைக் குறைத்து, சிமென்டையும் மணலையும் கூட்டி எழுதிக்கொள்ளுங்கள்.